கோணம் பார்த்து அலையை விடுற தகடு: சிமுலேஷன்ல 12 டிகிரி, அளந்தா 20 டிகிரி, கூடவே 9 டிபி காணோம்

செம்புக்கட்டம்:
வணக்கம் மக்களே, கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. ஒரு 10 ஜிகாஹெர்ட்ஸ் ரிசீவர் வெச்சிருக்கேன், ஆண்டெனாவோட சைட்லோப் (நேர் திசைக்கு வெளியேயும் கேக்கிற சின்ன காது) வழியா பக்கவாட்டுல இருந்து கண்டகண்ட சிக்னல் எல்லாம் ஏறுது. ஆண்டெனாவை மாத்த வழியில்ல. அதனால அதுக்கு முன்னாடி ஒரு தகடு நிறுத்தி, நேரா வர்ற அலையை மட்டும் உள்ள விட்டு சாய்வா வர்றதை எல்லாம் வந்த வழியே திருப்பி அனுப்பிடலாம்னு கிளம்பினேன்.

செஞ்சது இதுதான். 1.6 மிமீ எஃப்ஆர்4 (சாதா சர்க்யூட் போர்டு பண்ற கண்ணாடியிழைப் பொருள்) போர்டு நாலை ஒட்டி 6.4 மிமீ கனம் ஆக்கி, ரெண்டு வெளிப்பக்கமும் செம்புல சதுர ஓட்டை போட்ட கட்டம், பிட்ச் (ஒரு ஓட்டைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) 12 மிமீ. முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி அலையை திருப்புற ரெண்டு கட்டத்துக்கு நடுவுல அரை அலைநீள கேவிட்டி (அறை), அலை உள்ளயே போய்வந்து எதிரொலிக்கிற அதே பழைய ஃபேப்ரி பெரோ கதைதான். நேரா வந்தா ரெசனன்ஸ் (எதிரொலிகள் ஒண்ணுசேர்ந்து வலுத்து அலை கடந்து போறது), சாஞ்சு வந்தா ரெசனன்ஸ் விலகிடும், அப்ப திரும்பிப் போயிடும்னு கணக்கு. கோணம் ஒடுங்கணும்ங்கிறதுக்காக ஓட்டை சைஸை குறைச்சு குறைச்சு பேண்ட்விட்த்தை (உள்ள விடுற ஃப்ரீக்வென்சி அகலம்) 100 மெகாஹெர்ட்ஸுக்கு கொண்டுவந்தேன். சிமுலேஷன்ல பீக்ல நஷ்டமே இல்ல, பாதி பவர் 12 டிகிரில விழுந்தது. லாஸ் இல்லாத எஃப்ஆர்4-னு போட்டுதான் ஓட்டினேன், சீக்கிரம் முடியும்னு.

செஞ்சு அளந்தா, பீக்லயே 9, 10 டிபி (டெசிபல்) காணாம போச்சு. பேண்ட்விட்த் 300 மெகா. 20 டிகிரி வரைக்கும் அலை தாராளமா உள்ள வருது. இது பத்தாதுன்னு 30 டிகிரிக்கு மேல திருப்பினா சம்பந்தமே இல்லாத இடத்துல ஊசி மாதிரி ரெண்டு மூணு பீக் வேற. பிட்ச் அரை அலைநீளத்தை விட கம்மிதானே, கிரேட்டிங் லோப் (கட்டத்தால அலை வேற திசைக்கும் பிரிஞ்சு போறது) வரவே கூடாதே?

எனக்கு வேண்டியது 9.9-ல இருந்து 10.1 வரைக்கும், 200 மெகா. எங்க தப்பு பண்ணேன்? இன்னொண்ணு, பிளஸ் 30 டிகிரில வர்றதை விட்டு மைனஸ் 30-ல வர்றதை மட்டும் தடுக்கிற மாதிரி செய்ய முடியுமா? ஒரு பக்கம்தான் தொல்லை ஜாஸ்தி.

பழைய_வேவ்கைடு:
தம்பி, கால்வாசி பதில் உங்க கேள்விக்குள்ளேயே இருக்கு. லாஸ் இல்லாத எஃப்ஆர்4-னு ஒண்ணு உலகத்துல கிடையாது. அதோட லாஸ் டேன்ஜெண்ட் (அலையை எவ்ளோ விழுங்கும்ங்கிற அளவு) சுமார் 0.02. கேவிட்டியை முழுக்க அதால ரொப்பிட்டா அந்த கேவிட்டியோட சொந்த க்யூ (நடு ஃப்ரீக்வென்சியை பேண்ட்விட்த்தால வகுத்தது) 50-ஐ தாண்டாது, நீங்க என்ன தலைகீழா நின்னாலும். நீங்க கட்டத்தை வெச்சு ட்யூன் பண்ண க்யூ 100. ரெண்டையும் தலைகீழாக்கி கூட்டி திருப்பிப் போட்டா மொத்த க்யூ 33. பேண்ட்விட்த் 10 ஜிகாவுல 300 மெகா, அளந்ததும் அதேதான். பீக்ல கிடைக்கிறது 33-ஐ 100-ஆல வகுத்து வர்க்கம் பண்ணது, அதாவது ஒன்பதுல ஒரு பங்கு, 9.5 டிபி. உங்க அளவு ரொம்ப நல்ல அளவு, அதுல ஒரு குறையும் இல்ல. மீதி பவர் போர்டுக்குள்ள சூடா போயிடுச்சு.

ஆனா இதை விட பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. அலை எஃப்ஆர்4-க்குள்ள நுழைஞ்சதும் ஒளி தண்ணிக்குள்ள போன மாதிரி செங்குத்துப் பக்கம் வளைஞ்சிடுது. எப்சிலான் (பொருள் அலையை எவ்ளோ மெதுவாக்கும்ங்கிறதை சொல்ற எண்) 4.3-னு வைங்க, வெளியில 30 டிகிரில வந்தது உள்ள 14 டிகிரிலதான் ஓடுது. கேவிட்டிக்கு தெரியிறது உள்கோணம்தான், வெளிக்கோணம் அதுக்கு எப்படித் தெரியும்? காத்து கேவிட்டின்னா 30 டிகிரிக்கு ரெசனன்ஸ் 10-ல இருந்து 11.55-க்கு ஓடிடும். உங்களுதுல 10.3-க்குதான் நகரும். ஃப்ரீக்வென்சி செலக்டிவ் சர்ஃபேஸ் (ஃப்ரீக்வென்சி பார்த்து அலையை விடுற தகடு) செய்யிறவங்க எல்லாரும் எந்தக் கோணத்துல வந்தாலும் பேண்ட் நகரக்கூடாதுன்னு தேடித்தேடி டைஎலக்ட்ரிக் (எஃப்ஆர்4 மாதிரி மின்கடத்தாப் பொருள்) சேர்ப்பாங்க. நீங்க அவங்க ரெசிபியை எடுத்து அவங்களுக்கு நேர் எதிரான வேலைக்கு போட்டிருக்கீங்க. உங்களுக்கு நகரணும், நல்லா நகரணும். டைஎலக்ட்ரிக்கை தூக்கி எறிங்க.

ஊசி பீக்கும் அதே ஆளோட வேலைதான். காத்துக்கு மட்டும் பார்த்தா 12 மிமீ பிட்ச் ஓகே, 90 டிகிரி வரைக்கும் 15 மிமீ-க்குள்ள இருந்தா போதும். ஆனா போர்டுக்குள்ள அலைநீளம் பாதிக்கும் கீழ. 30 மிமீ-ஐ 12-ஆல வகுத்தா 2.5, அதுல இருந்து சைன் கோணத்தை கழிங்க. வர்றது எப்சிலானோட வர்க்கமூலம் 2.07-க்கு கீழ இறங்கிட்டா, அதாவது சுமார் 25 டிகிரிக்கு மேல, போர்டுக்குள்ள மட்டும் ஒரு ஹையர் ஆர்டர் மோடு (வேற திசைக்குப் பிரிஞ்ச கூடுதல் அலை) ஓட ஆரம்பிச்சிடும். வெளிய வர முடியாது, உள்ளயே மாட்டிக்கிட்டு ரெசனேட் ஆகும், அதான் ஊசி.

இன்னொரு சின்ன விஷயம். உங்களுக்கு 200 மெகா வேணும்னு சொல்றீங்க, 100 மெகாவுக்கு டிசைன் பண்ணிருக்கீங்க. கோணத்தை துரத்திக்கிட்டு போய் பேண்டை கோட்டை விட்டுட்டீங்க. க்யூ 50 எடுங்க.

செம்புக்கட்டம்:
ஐயோ. நாலு போர்டை ஒட்ட ஒரு முழு நாள் ஆச்சு சார், உள்ள காத்துக் குமிழி வரக்கூடாதுன்னு மேல வெயிட் எல்லாம் வெச்சு ஒட்டினேன். இப்ப பார்த்தா குமிழிதான் நல்லதுன்னு சொல்றீங்க 😄 சரி, காத்துல க்யூ 50 போட்டா என்ன கோணம் கிடைக்கும்?

பழைய_வேவ்கைடு:
ரெசனன்ஸ் நகர்ற அளவு ஒன் மைனஸ் காஸ் கோணம், சின்ன கோணத்துக்கு கோண வர்க்கத்துல பாதி. அது ஒரு சதவீதம், அதாவது பேண்ட்விட்த்துல பாதி, ஆனா பாதி பவர். 0.14 ரேடியன், 8 டிகிரி. 20 டிகிரில சுமார் 16 டிபி அடைக்கும், 30-ல 22, 23. இது ஐடியல் கணக்கு. உங்க கட்டம் இண்டக்டிவ் (காயில் மாதிரி நடந்துக்கும்), அதனால மின்புலம் தகட்டுக்கு இணையா இருக்கிற டிஇ அலைக்கு இதை விட நல்லா அடைக்கும், காந்தப்புலம் இணையா இருக்கிற டிஎம்-க்கு மோசமா அடைக்கும். 60 டிகிரில டிஇ-க்கு வெளி இம்பீடன்ஸ் (தகட்டுக்கு இணையான மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம்) 754 ஓம், டிஎம்-க்கு 188, நாலு மடங்கு வித்தியாசம், ஒரே கட்டம் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரியாது.

ஒவ்வொரு கட்டமும் தனியா 12 டிபி அடைக்கிற மாதிரி பண்ணுங்க. இடைவெளி 15 மிமீ வைக்காதீங்க, இண்டக்டிவ் சுவர் கேவிட்டியை கொஞ்சம் நீளமா காட்டும், 13.8 கிட்ட வரும். மெல்லிசு போர்டா எடுத்து செம்புப் பக்கம் உள்ள பார்க்கிற மாதிரி மாட்டுங்க. உள்ளதான் ஃபீல்டு ஏறி நிக்கும், போர்டு வெளிய இருந்தா அதோட லாஸ் பெருசா தெரியாது.

கோணமானி:
பெரியவர் சொன்னது எல்லாம் கரெக்ட், நான் ஒரு கெட்ட செய்தி மட்டும் சேர்க்கிறேன். ரெசனன்ஸை நம்பி கோணத்தை வடிகட்டினா ஃப்ரீக்வென்சியும் கோணமும் ரெண்டு குமிழ் இல்ல, ஒரே குமிழ். காத்து கேவிட்டிக்கு ஃப்ரீக்வென்சியும் தெரியாது கோணமும் தெரியாது, அதுக்கு தெரிஞ்சது ஃப்ரீக்வென்சி பெருக்கல் காஸ் கோணம்ங்கிற ஒரே நம்பர்தான். இதை வெச்சு உங்க 200 மெகாவை பாருங்க. 9.9 நேரா வந்தா உள்ள விடணும். 10.1 சாஞ்சு வந்தா தடுக்கணும். ஆனா 10.1, 11.4 டிகிரில வந்தா காஸால பெருக்கினதும் அதே 9.9. தகட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான், எப்படி ஒண்ணை விட்டு இன்னொண்ணை தடுக்கும்? செங்குத்தா சுவர் மாதிரி விழுற ஃபில்டரே போட்டாலும், 11.4 டிகிரிக்குள்ள வர்றதை பேண்ட் முழுக்க உங்களால தடுக்க முடியாது. பேண்ட் 500 மெகான்னா அதே கணக்குல 18 டிகிரி.

அந்த எல்லைக்கு வெளிய எவ்ளோ வேகமா விழுதுங்கிறது உங்க கையில இருக்கு. ஒரு கேவிட்டி சரிவா விழும், மூணு கட்டம் ரெண்டு கேவிட்டி போட்டா மேல தட்டையா இருந்து செங்குத்தா விழும், வேவ்கைடு ஃபில்டர்ல செய்யிற அதே செபிஷெவ் (ஃபில்டர் வடிவமைக்கிற ஒரு கணக்கு முறை) வேலைதான். ஆண்டெனா ஆராய்ச்சியாளர் மெய்லூ 1976-லயே ஸ்பேஷியல் ஃபில்டரை (கோணத்தை வடிகட்டுற தகடு) இப்படி சிந்தஸைஸ் பண்ணி எழுதிட்டார், அதுவும் உங்க பிரச்சனைக்கே, சைட்லோப் அடக்க. அலையை ஓரளவு திருப்பி மீதியை விடுற தகட்டை ஆண்டெனா முன்னாடி வைக்கிறது அதுக்கும் முந்தினது, வான் ட்ரெண்டினி 1956.

சிமுலேஷன்ல ஒரு எச்சரிக்கை. ஒரே ஃப்ரீக்வென்சில கோணத்தை மட்டும் ஓட்டி ஒரு கோடு போட்டுட்டு தடுத்துடுச்சுன்னு நம்பாதீங்க. தடுக்கல, நகர்த்திருக்கு. ஃப்ரீக்வென்சி ஒரு அச்சு, கோணம் ஒரு அச்சுன்னு படமா போட்டீங்கன்னா ரெசனன்ஸ் வளைஞ்ச வால் மாதிரி மேல ஏறிப்போறது கண்ணுக்கு தெரியும். உங்க பழைய போர்டுல 60 டிகிரில வால் 11 ஜிகாவுலயே நிக்குது, பக்கத்துல 11-ல எவனாவது கத்தினா நேரா உள்ள வருவான். அப்புறம் யூனிட் செல்லுக்கு (திரும்பத்திரும்ப வர்ற ஒரே ஒரு கட்டம்) ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியா கணக்கு போடுற ஃப்ரீக்வென்சி டொமைன் சால்வரும், சாய்வான அலையை அனுப்புற ஃப்ளோகே போர்ட்டும் எடுங்க. டைம் டொமைன்ல பீரியாடிக் பவுண்டரிக்கு ஒரு ஃபேஸை நிலையா குடுத்தா ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் கோணம் வேற வேறயா ஆயிடும், அது தெரியாம நான் ரெண்டு வாரம் வீணடிச்சேன்.

ஒளிப்பிழை:
நான் ஆப்டிக்ஸ் ஆளு, உங்க மைக்ரோவேவ் சண்டைக்குள்ள வர்றேன் மன்னிச்சுக்கோங்க. குமிழ் ஒண்ணுதான்னு கோணமானி சொன்னது ரெசனன்ஸுக்கு மட்டும்தான். ப்ரூஸ்டர் கோணம்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு ஃப்ரீக்வென்சியே தெரியாது. கண்ணாடிக்கு 56 டிகிரி, சிவப்பு வந்தாலும் நீலம் வந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். அந்தக் கோணத்துல பி போலரைசேஷனுக்கு (நீங்க டிஎம்-னு சொல்றது) எந்தப் பரப்புலயும் எதிரொளிப்பு இல்ல, மத்த கோணத்துல எல்லாம் ஒவ்வொரு பரப்பும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பும். அப்போ வேற வேற பீரியட்ல லேயர் அடுக்கை ஒண்ணு மேல ஒண்ணு போட்டு ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அடுக்கு திருப்புற மாதிரி பண்ணிட்டா, ப்ரூஸ்டர் கோணம் மட்டும் ஜன்னலா மிஞ்சும். எம்ஐடில 2014-ல இதை செஞ்சு சயின்ஸ் இதழ்ல போட்டாங்க, சிலிக்காவும் டான்டலம் ஆக்ஸைடும், எண்பதுக்கும் மேல லேயர், 55 டிகிரி பக்கத்துல மட்டும் கண்ணாடி மாதிரி தெரியும், திருப்பினா முகம் பார்க்கிற கண்ணாடி ஆயிடும்.

ஒரு வில்லங்கம் இருக்கு, அதை யாரும் முதல்ல சொல்ல மாட்டாங்க. சிலிக்கா 1.46, டான்டலம் ஆக்ஸைடு 2.1. சிலிக்காவுக்குள்ள 55 டிகிரில ஓடணும்னா வெளிய காத்துல சைன் எவ்ளோ இருக்கணும்? 1.46 பெருக்கல் 0.82, 1.2 வருது. சைன் ஒண்ணை தாண்டாதே! காத்துல இருந்து எப்படி சாய்ச்சு அடிச்சாலும் அந்தக் கோணம் உள்ள கிடைக்கவே கிடைக்காது. அதனாலதான் அவங்க மொத்தத்தையும் திரவத்துக்குள்ள முக்கி காட்டினாங்க.

கோணமானி:
சூப்பர். மைக்ரோவேவ்ல அதுக்கு திரவம் வேண்டாம், உலோகத் தகட்டுல நீளநீளமா ஸ்லிட் போட்டாலே போதும். ஸ்லிட்டுக்குள்ள போற அலையோட இம்பீடன்ஸ், ஸ்லிட் அகலம் பை பிட்ச்ங்கிற விகிதத்துல குறையும். வெளியில டிஎம் அலையோட இம்பீடன்ஸ் காஸ் கோணத்துல குறையும். ரெண்டும் சமமாகிற கோணத்துல மேட்ச் ஆயிடும், எந்த ஃப்ரீக்வென்சியா இருந்தாலும், பிட்ச் சின்னதா இருக்கிற வரைக்கும். பாதி ஓட்டை பாதி உலோகம்னா 60 டிகிரி. ஐந்துல ஒரு பங்கு ஓட்டைன்னா 78 டிகிரி. ஆண்ட்ரியா அலு குழு 2011-ல ப்ளாஸ்மோனிக் ப்ரூஸ்டர்னு பேர் வெச்சாங்க.

செம்புக்கட்டம், ஆசைப்படாதீங்க, உங்களுக்கு இது உதவாது. காஸ் ஒண்ணு ஆகணும்னா விகிதமும் ஒண்ணு ஆகணும், அதாவது உலோகமே இருக்கக்கூடாது, வெறும் காத்து. நேரா வர்றதை விடுற ப்ரூஸ்டர் ஜன்னல் இப்படி வராது.

செம்புக்கட்டம்:
புரிஞ்சது, கேவிட்டியோடவே இருக்கேன். பிளஸ் 30 மைனஸ் 30 கேள்விக்கு யாரும் வாயே திறக்கலையே?

நிலைமம்:
நான் திறக்கிறேன். லாஸ் இல்ல, பிட்ச் சின்னது, நேர் ஆர்டர் (வேற திசைக்குப் பிரியாத அலை) மட்டும்தான் வெளிய வருது, போலரைசேஷன் மாறல. இந்த நாலும் உண்மைன்னா முடியாது. ஓட்டையை கோணலா வெட்டு, தகட்டை அடுக்கடுக்கா தள்ளி வை, என்ன வேணா பண்ணு, பிளஸ் 30-லயும் மைனஸ் 30-லயும் போற பவர் சமம்தான். காரணம் ரெண்டு வரி. முன்னாடி இருந்து பிளஸ் கோணத்துல போறதும், அதே பாதையில பின்னாடி இருந்து திரும்பி வர்றதும் சமம், ரெசிப்ராசிட்டி. லாஸ் இல்லாததால ஒரே சாய்வுக்கு முன்னாடி இருந்து போற பவரும் பின்னாடி இருந்து போற பவரும் சமம். ரெண்டையும் சேர்த்தா பிளஸ்ஸும் மைனஸ்ஸும் ஒண்ணாயிடும்.

போன்ல ஒட்டுற பிரைவசி ஷீட் பக்கத்து சீட்டுக்காரரை மட்டும் தடுக்குதேன்னு கேப்பீங்க. அதுக்குள்ள இருக்கிறது மெல்லிசு மெல்லிசா கருப்பு சுவர், ஜன்னல் சட்டம் மாதிரி. கருப்பு, அதாவது விழுங்கிடும், லாஸ் இருக்கு. அந்த சுவரை சாய்ச்சு வெச்சா ஒரு பக்கம் மட்டும் மறைக்கவும் முடியும். ஆனா அது வேலை செய்யணும்னா சுவருக்கு இடையில அலைநீளத்தை விட பல மடங்கு இடம் வேணும். உங்க 30 மிமீ அலைக்கு அப்படி ஒண்ணு கட்டினா தகடு இல்ல, அலமாரி.

அளவு_சரியா:
டிசைன் பத்தி இவ்ளோ பேசிட்டீங்க, அளக்கிறதை யாரும் தொடல. அளக்க அலை அனுப்புற ஹார்ன் (கூம்பு மாதிரி ஆண்டெனா) என்ன சைஸ், எவ்ளோ தூரத்துல வெச்சீங்க? 15 செமீ வாய் இருக்கிற ஹார்னுக்கு 10 ஜிகாவுல 1.5 மீட்டர் தள்ளிதான் ஒழுங்கான அலைமுகம் கிடைக்கும். கிட்ட வெச்சா தகட்டுக்கு ஒரே கோணம் போகாது, ஒரு கூடை கோணம் போகும். 8 டிகிரி ஜன்னலை அதால அளந்தா பீக் தேய்ஞ்சு, ஜன்னல் அகலமாதான் தெரியும். தகடு 30 செமீ-னா அதுவே 6 டிகிரி கிட்ட கலக்கிடும், அதை விட சின்னதா செஞ்சா க்யூ பத்தி பேசுறதே வீண்.

டைம் கேட்டிங் (குறிப்பிட்ட நேரத்துக்குள்ள வந்த அலையை மட்டும் எடுக்கிறது) போட்டு எதிரொலியை வெட்டுவீங்கன்னு தெரியும். 1 நானோசெகண்ட் கேட் போடாதீங்க. க்யூ 50-ன்னா கேவிட்டிக்குள்ள அலை மணி அடிச்ச மாதிரி ஒண்ணரை நானோசெகண்ட் தேஞ்சுக்கிட்டே இருக்கும், கேட் அதை வெட்டிட்டா நீங்களே ரெசனன்ஸை மழுக்கிட்டு போர்டை குத்தம் சொல்வீங்க.

செம்புக்கட்டம்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், கைவிட்டுட்டேன்னு நினைச்சிருப்பீங்க. 0.8 மிமீ போர்டு ரெண்டு, 30 செமீ சதுரம், செம்பு உள்பக்கம், நாலு மூலையில நைலான் ஸ்பேசர் வெச்சு 13.8 மிமீ. முதல் அளவுல பீக் மைனஸ் 4 டிபி, மேல அகலமா வழிஞ்சு கிடந்தது. லாஸ்தான் திரும்ப வந்துடுச்சோன்னு பயந்துட்டேன். ஸ்கேலை குறுக்க வெச்சு வெளிச்சத்துல பார்த்தா நடுவுல போர்டு தொப்பை போட்டிருக்கு. விரலால லேசா அழுத்தினா பீக் நகருது, ஸ்க்ரீன்ல கண்ணுக்கு முன்னாடி! 0.14 மிமீ மாறினாலே பாதி பேண்ட்விட்த் நகரும்னு அப்புறம்தான் கணக்கு போட்டேன்.

ஸ்பேசரை கழட்டிட்டு நடுவுல தெர்மோகோல் வெட்டி வெச்சேன். சூடான கம்பில வெட்டினா கம்பி நடுவுல பின்தங்கி பள்ளம் விழுது, ரெண்டு ஷீட் வீணாப் போச்சு, மூணாவதை மெதுவா வெட்டி உப்புத்தாள் தேச்சு சரி பண்ணேன். தெர்மோகோலும் காத்து மாதிரிதான், பீக் லேசா கீழ இறங்கினதை அதே தேய்ப்புலயே சரி பண்ணிக்கிட்டேன். இப்ப பீக் மைனஸ் 1 டிபி, பாதி பவர் 8.5 டிகிரி, 20 டிகிரில அடைக்கிறது டிஇ-க்கு 16, டிஎம்-க்கு 14 டிபி.

ஆனா ரிசீவர் முன்னாடி வெச்சா 60 டிகிரில வர்ற தொல்லை கொஞ்சம்கூட குறையல. அது போக பாஸ்பேண்ட் ஓரத்துல 100 மெகாவுக்கு ஒரு தடவை அலை அலையா ஏறி இறங்குது. அது ரிசீவர்ல இல்ல, அளக்கிற டேபிள்ல.

பழைய_வேவ்கைடு:
60 டிகிரி ஆளு தகடு வழியா வரல தம்பி, பக்கத்துல சுத்தி நேரா ஆண்டெனாவுக்கு போறான். கதவு வெச்சீங்க, சுவர் வெக்கலையே. தகட்டு ஓரத்துல இருந்து ஆண்டெனா வரைக்கும் உள்பக்கம் அப்சார்பர் (அலையை விழுங்குற ஷீட்) ஒட்டின ஒரு சட்டை மாட்டுங்க.

அளவு_சரியா:
100 மெகாவுக்கு ஒரு ரிப்பிள் (ஏத்த இறக்கம்) வருதுன்னா அது 1.5 மீட்டர் இடைவெளி. உங்க ஹார்னுக்கும் தகட்டுக்கும் நடுவுல அலை போய்வந்து போய்வந்து நிக்குது, ஜன்னலுக்கு வெளிய உங்க தகடு நல்ல கண்ணாடிதானே. தகட்டை 3 டிகிரி சாய்ச்சு வைங்க. அதுக்கு பீக்ல 0.1 டிபி கூட போகாது, திரும்பற அலை ஹார்னை விட்டு விலகிடும்.

செம்புக்கட்டம்:
சாய்ச்சேன், ரிப்பிள் அமுங்கிடுச்சு. சட்டைக்கு அட்டையில அளவு எடுத்துட்டேன், அப்சார்பர் ஷீட் இன்னும் கைக்கு வரல. அதுவரைக்கும் அந்த 60 டிகிரி ஆளு கத்திக்கிட்டேதான் இருப்பான் போல.